எடைக் குறைவு

பொருள் எண் மூன்று.
உருக்குலைந்த குண்டு, ஒன்று.
இடத்தோளில் நுழைந்து
வலப்பக்கத் தோலுக்கு அடியில்
வெளியே வர மனமில்லாமல் நின்றுவிட்டது.
தோலோடு வந்தது, தெர்மக்கோல் பெட்டியில்,
வண்டலூரிலிருந்து மயிலாப்பூருக்கு.
சர்தார் படேல் சாலை நெரிசலிலேயே
ஐஸ் உருகிச் சொட்டியதாம்.
ஜீப்பைப் பார்த்தபடி
பூங்காவுக்குள் நாலு புள்ளிமான் நின்றதாம்.
கான்ஸ்டபிள் ஏகவல்லி சொன்னாள்.
நான் நம்பவில்லை.
அந்த இடத்தில் மதில்தான்.

முனை விரிந்து பின்னால் மடிந்திருக்கிறது,
பருத்திக்காய் வெடித்த மாதிரி.
உறை நாலாய்க் கிழிந்தும் அடியை விடவில்லை.
வலப்புறமாகச் சுழலும் ஆறு வரிகள்.
கூடவே வந்த பித்தளைக் கூட்டின் கழுத்து
பலமுறை சுருக்கி, பலமுறை நிரப்பியது.
கடைச் சரக்கு இல்லை.

பொருள் எண் ஆறு: நகைத் தராசு.
பொருள் எண் ஏழு: நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு.
எழுதியவர் தேசிங்கு, வயது ஐம்பத்திரண்டு,
புதுப்பேட்டையில் டீசல் பம்ப் சரிபார்ப்பவர்.
துப்பாக்கியின் உரிமம் மாமனார் பெயரில்.

*முழு உறை போட்டது: துளைச்சிட்டுப் போயிடுது.
மான் அரை மைல் ஓடும். பாவம். வேணாம்.*

*வெறும் ஈயம்: குழாய்ல அப்பிக்குது.
துடைச்சுத் துடைச்சு தோள் போச்சு.*

*மெத்து மூக்கு: உள்ள போய்த் திறக்கணும்,
சில்லாப் போவக்கூடாது.
வேகம் ஜாஸ்தி. பொடி அரை கிரெயின் குறை.*

*இன்னும் அரை.*

*கேஸ் புக் பண்ணணும்.*

*ஒரே குண்டு. ஓட விடக்கூடாது.*
இதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

பதினாறு வருடமாக இந்த மேசைக்கு
சைக்கிள் பால்ரஸ் வந்திருக்கிறது,
ஆணித்தலை வந்திருக்கிறது,
ஒருமுறை உடைந்த பூட்டின் நாக்கு.
யார் மேல் பட்டால் என்ன என்று திணித்தவை.
ஒருவருடைய கவலை
சீல் வைத்து வந்தது இதுதான் முதல்.
அந்த 'பாவம்' என்ற சொல்லை
லென்ஸ் வைத்துப் பார்த்தேன், காரணமில்லாமல்.
மை கொஞ்சம் ஊறியிருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குள் அவர் துப்பாக்கியைச் சுட்டோம்.
இரட்டை நுண்ணோக்கியில்
அதுவும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில்.
வரி வரியைத் தேடிப் போய் உட்கார்ந்தது.
ஆம் என்று எழுதினேன்.
கை தயங்கவில்லை. தயங்கியிருக்கலாம் என்று
பிறகு தோன்றியது, அவ்வளவுதான்.

கடைசியாக எடை.
நோட்டில் இருநூற்று நாற்பத்துநாலு கிரெயின்.
என் தராசில் நூற்றுத் தொண்ணூற்று ஒன்று.
மறுபடியும் வைத்தேன், மின்விசிறியை நிறுத்திவிட்டு.
நூற்றுத் தொண்ணூற்று ஒன்று.

மீதி ஐம்பத்துமூன்று:
அரைப் பவுனுக்கு ஒரு மூக்குத்தி குறைவு.
பொடியை அரை அரையாகக் குறைத்தவர்,
குழாயைத் துடைத்துத் தோள் போனவர்,
இதைக் கணக்கில் எடுக்கவில்லை.
திறக்கும்போது ஈயம் உதிர்கிறது,
கண்ணுக்குத் தெரியாத நொய்யாக,
காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு.

கோப்பின்படி
கறி ஒன்பது வீட்டுக்குப் பங்கானது.
சாட்சி ஐந்து, வயது பத்து, சொன்னது:
'நல்லா இருந்துச்சு. மண்ணு மாதிரி கடிபட்டுச்சு.
துப்பிட்டேன். அப்புறம் துப்பல.'

படிவத்தில் 'பெறப்பட்ட எடை' என்று கட்டம் உண்டு.
பெறப்படாததற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
ஐம்பத்துமூன்று கிரெயின் வந்து சேரவில்லை.
துணை இயக்குநர் அடித்துவிடுவார்.
அடிக்கட்டும். பேனாவில்தான் எழுதியிருக்கிறேன்.

மணி இரண்டரை.
கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி
டப்பாவைத் திறந்தேன்.
கீரைச் சாதம்.
மூன்றாவது வாயில் ஏதோ நறநறத்தது.
காலை அவசரத்தில் சரியாக அலசவில்லை.
மண்தான்.

துப்பிப் பார்த்தேன்.